கோணல் கோடுகள்

டொக்டர் வருகிறார் என்று தோட்டத்தில் சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்துக் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்துக்கு வந்த பெண்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி பழைய எக்ஸ்ரே படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். இன்னொருத்தி தீர்ந்துபோன மருந்துப் போத்தலைக் கொண்டுவந்திருந்தாள், இதே மருந்துதான் வேண்டும் என்று காட்டுவதற்காக. சுப்பம்மா என்ற மூத்த கொழுந்துக்காரி வாசலிலேயே நின்று சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "மல ஏறுனா விண்ணு விண்ணுங்குது டொக்டர் மிஸ். எறங்குனா ஒண்ணுமில்ல" என்றாள்.

ஜெசிந்தா தரையில் பழுப்புத் தாள்களை விரித்துக்கொண்டிருந்தாள். குனிந்த வாக்கிலேயே நிமிர்ந்து பார்த்து, "நா மருந்து குடுக்குற டொக்டர் இல்லீங்க. படிச்சு வாங்குன டொக்டர்" என்றாள்.

"படிக்காம யாரு டொக்டராவுறா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தொட்டில்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த நீளமான அறையில், கைப்பிள்ளைகளின் மூத்திர வாடையும் பால்மா வாடையும் போகாத அந்தச் சுவர்களுக்குள், அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. ஜெசிந்தாவும் சிரித்துவிட்டாள். கேட்டவள் பெயர் சசி. மெலிந்த, நீளக் கழுத்துப் பெண். மணமாகி மூன்று வருடம் ஆகிறது, புருஷன் யோகராஜ் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறான், பிள்ளை இல்லை. இதெல்லாம் ஜெசிந்தாவுக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்குத் தெரிந்தது, இவள் பேசினால் மற்றவர்களும் பேசுவார்கள் என்பதுதான்.

வந்த காரியத்தை ஜெசிந்தா விளக்கினாள். அரநாயக்கப் பக்கத்து மலைச்சரிவில் கிடக்கிற இந்தக் கித்துல்மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் பிரசவ வார்டு இருந்தது. இப்போது ஓடு சரிந்து, வௌவால் அடைந்து கிடக்கிறது. பிரசவத்துக்கு எல்லோரும் லொறி ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். அந்தக் கட்டடத்தைத் திருத்தி, நிறைமாதக்காரிகள் கடைசி நாட்களில் வந்து தங்கும் இடமாக மாற்றப் பணம் வந்திருக்கிறது. எப்படி மாற்றுவது என்று கொழும்பிலிருந்து யாரும் சொல்லப்போவதில்லை, நீங்கள்தான் சொல்லவேண்டும். நீங்கள் சொல்வதை வைத்து நானும் நீங்களும் சேர்ந்து படம் போடுவோம்.

"நாங்க சொல்றத தோட்டத்து தொர கேப்பாரா?" என்றாள் சுப்பம்மா.

"கேக்க வைக்கிறதுதான் என் வேல."

அது உண்மையும்கூட. இந்த ஒரு வேலைக்காகத்தான் அவள் அத்தனை காலம் படித்திருந்தாள். கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தின் லயத்து வரிசைவீடு ஒன்றில் செல்வநாயகத்துக்கும் பிலோமினம்மாவுக்கும் மூத்த மகளாகப் பிறந்து, தொண்ணூற்று மூன்றில் கட்டடக்கலை படிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனவள். வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் ஏழெட்டுப் பேர், தோட்டத்திலிருந்து வந்தவள் அவள் ஒருத்தி. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அவளுடைய "நாங்க வாறோம், போறோம்" என்ற பேச்சைக் கேட்டுப் பார்வை பரிமாறிக்கொள்வார்கள். சிங்களப் பிள்ளைகளோ அவளுடைய சிங்களத்தைக் கேட்டு, நீ தமிழா என்று வியப்பார்கள். பிறகு இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில் ஐந்து வருடம் ஆராய்ச்சி. புற்றுநோய்ப் பிரிவில் காத்திருக்கும் கூடத்தை நோயாளிகளோடு உட்கார்ந்து திருத்தி வடிவமைத்தாள். அங்கேதான் ஒன்றைக் கண்டுகொண்டாள்: முன்பின் தெரியாத பத்துப்பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, ஒரு மணி நேரத்தில் அவர்களை ஒருவருக்கொருவர் பேசவைக்க அவளால் முடியும். அவர்கள் பேசத் தொடங்கியதும் அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றுவிடுவாள். கூட்டம் முடிந்ததும் கோப்பைகளைக் கழுவி, நாற்காலிகளை அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டுத் தனியாக அறைக்குப் போவாள். ஊர் திரும்பிய பிறகும் அதே கதைதான். மொரட்டுவைப் பக்கம் ஓர் அனெக்ஸில் வாடகைக்கு இருந்தாள். அப்பா காலமாகியிருந்தார். அம்மா, தம்பி ஜூட்டின் குடும்பத்தோடு வத்தளையில் இருந்தார். முப்பத்தாறு வயதில், ஒரு நாளில் தான் பேசிய சொற்களை எண்ணிப் பார்த்தால் எல்லாமே வகுப்பறையில் பேசியவையாக இருந்தன.

"வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன வழிய வரைங்க" என்றாள் பெண்களிடம். "ரோட்டு எப்படின்னு வேணாம். ஒங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு வரைங்க."

யாரும் பென்சிலைத் தொடவில்லை. பிறகு சசிதான் முன்னே வந்து சப்பணம்கொட்டி உட்கார்ந்தாள்.

"நா வரையிறேன். ஆனா யாரும் சிரிக்கக்கூடாது."

அவள் வரைய வரைய மற்றவர்களும் ஆளுக்கொரு தாளை இழுத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் அந்த அறை ஒரு சந்தைபோல ஆயிற்று. அட்டைப்பெட்டியை வெட்டி வார்டு செய்தார்கள், தீப்பெட்டி கட்டில் ஆனது. சன்னல் பெரட்டுக்களத்தைப் பார்க்கக்கூடாது என்றார்கள். அங்கே காலையில் பேர் கொடுக்க ஆம்பிளைகள் வந்து நிற்பார்கள், வலியில் கத்துகிறவளுக்குக் கூச்சமாக இருக்கும். சுடுதண்ணி வைக்க அடுப்பு வேண்டும் என்றார்கள். கூட வந்த அம்மாவோ மாமியாரோ கால்நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள். இதற்கு மட்டும் பெரிய சண்டை. மாமியாருக்கு எதற்கு இடம் என்று ஒரு கட்சி. ஜெசிந்தா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து போகும்போது யாராவது ஒருத்தி, "சாப்பிட்டுட்டுப் போங்க மிஸ்" என்பாள். சாப்பிடுவாள். ரொட்டியும் கட்ட சம்பலும். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் வேறு இருந்ததா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போவாள்.

சசியின் படம் முடிய மூன்று ஞாயிறு பிடித்தது. முடிந்த அன்று அவள் தாளைத் தரையில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தாள்.

லயம் இருந்தது. சிறிய சிறிய கதவுகளோடு ஒரு ரயில் பெட்டிபோல. வளைந்து இறங்கும் பாதை இருந்தது, கொழுந்து லொறி இருந்தது. தாளின் நடுவில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக, மணல் மூட்டைகள். மூட்டைகளுக்குப் பின்னால் துவக்கோடு ஒருவன், பக்கத்தில் இன்னொருவன், கையில் புத்தகத்தோடு மூன்றாமவன். தாளின் ஓரத்தில், பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, தீப்பெட்டி அளவில் ஓர் ஆஸ்பத்திரி.

"செக்பொயின்ட்டு" என்றாள் சசி. "அந்த வாரம் கொழும்புல எங்கயோ குண்டு வெடிச்சிருந்திச்சி. எல்லாரும் எறங்கணும்னாங்க. நா எப்புடி எறங்குறது? டிரைவர் ஐடென்டிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டாரு. லொறிய விடமாட்டேன்னுட்டாங்க. பகல் நேரம், நல்ல வெயிலு. லொறிக்குள்ள கொழுந்து வாசம். இந்தா, இந்தப் பொடியன்" என்று துவக்குக்காரனைத் தொட்டுக் காட்டினாள், "அவன்தான் தண்ணி கொண்டாந்து குடுத்தான். 'அக்கே, பயவென்ட எபா'ன்னான். பயப்படாதேன்னு சொல்றான், அவன் கைதான் நடுங்குது. அங்கேயே பொறந்திருச்சி மிஸ். பொம்பளப் புள்ள. அழவேயில்ல."

சுப்பம்மா சசியின் முதுகில் கையை வைத்தாள். அவ்வளவுதான்.

அந்தத் துக்கத்தோடு கூடவே, ஜெசிந்தாவுக்குள், அவளே விரும்பாமல், இன்னொன்றும் எழுந்தது. வீதி, தூரம், வாகனம், கட்டில் என்று தன்னைப் போன்றவர்கள் எழுதிக் குவிக்கிற எதிலும் இல்லாத ஒன்று இந்தத் தாளில் இருக்கிறது என்ற பரபரப்பு அது. ஆஸ்பத்திரி தீப்பெட்டி, செக்பொயின்ட் மலை. எத்தனை வருடம் தேடினாலும் கிடைக்காத படம். அந்தப் பரபரப்பைக் கண்டு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் கமராவை எடுத்துப் படம்பிடித்தாள். பிறகு, "இத கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பெரிய மெஷின்ல கொப்பி எடுத்துட்டு அடுத்த வாரம் கொண்டாந்து தரட்டா?" என்று கேட்டாள்.

சசி கொஞ்சம் யோசித்தாள். "மடிச்சிறாதீங்க" என்றாள்.

மடிக்கவில்லை. சுருட்டி, ரப்பர் நாடா போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். அதே மணல் மூட்டைகளுக்கு முன்னால் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி வரிசையாக நடந்தார்கள். வாராவாரம் நடக்கிற காரியம்தான். பையைத் திறந்து காட்டினாள், அடையாள அட்டையைக் காட்டினாள். சிப்பாய் சுருளைக் கேட்டான். கொடுத்தாள். கொடுத்து முடிக்கும்வரை அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவன் ரப்பர் நாடாவைக் கழற்றித் தாளை விரித்தபோதுதான் அதன் நடுவில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

அவன் முதலில் சிரித்தான். "மே அபே பொயின்ட் எக்க நேத?" நம்முடைய பொயின்ட் இல்லையா இது என்று பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருபது வயதுகூட இருக்காது. துவக்கு பிடித்த உருவத்தை விரலால் தொட்டு, தான்தானா என்று பார்ப்பதுபோலப் பார்த்தான். அவன்தானா அந்தத் தண்ணீர் கொடுத்தவன் என்று ஜெசிந்தா அவன் முகத்தில் தேடினாள். தெரியவில்லை. பிறகு அவர்களின் மேலதிகாரி வந்தார். அவர் சிரிக்கவில்லை.

பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிற்று.

பொலிஸில் அவளை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். நாற்காலி கொடுத்தார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். பல்கலைக்கழக அட்டையைப் பார்த்துவிட்டு, பொறுப்பதிகாரி அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டார். மேசைமேல் சசியின் படம் விரிந்திருந்தது. ஒரு மூலையில் மைக்கூடு, மற்றதில் தொப்பி.

"கவுத மேக்க என்தே?" யார் இதை வரைந்தது என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் சிங்களத்தில்.

"நீங்களா?"

"ஆமாம். ஆராய்ச்சிக்காக. பிரசவத்துக்குப் போகிற வழியை."

பிரசவத்துக்குப் போகிற வழியில் காவலரண் எதற்கு, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற விவரம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்து அவள் முன்னே வைத்தார்.

"அப்படியென்றால் திரும்பவும் ஒருமுறை வரையுங்கள், மேடம்."

ஜெசிந்தா பென்சிலை எடுத்தாள். படம் எதிரிலேயே இருந்தது, பார்த்து வரைந்தால் போதும். லயத்தில் தொடங்கினாள். கோடு நேராகப் போயிற்று. தாளைப் பார்த்தாள். சசியின் லயம் ஒரு பக்கம் சாய்ந்து, கதவுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. இவளுடைய கதவுகள் சமதூரத்தில் நின்றன. வேண்டுமென்றே கையை ஆட்டினாள். கோடு ஆடியது. ஆனால் அது குழந்தை கிறுக்கியதுபோல இருந்ததே தவிர, சசி வரைந்ததுபோல இல்லை. மூட்டைகளை வரைந்தாள். பதினைந்து வருடம் நேர்கோடு போட்டுப் பழகிய கை, மூட்டைகளைத் தன் பாட்டில் செங்கல்போல அடுக்கியது, கீழே பெரிது, மேலே சிறிது, ஒன்றின் மேல் ஒன்றின் பாதி. லொறிக்குச் சக்கரம் போட்டபோது அது தானாகவே வட்டமாக வந்தது. சசியின் லொறிக்குச் சக்கரமே கிடையாது. அது ஓடவேயில்லை என்பதால் அவளுக்குச் சக்கரம் தோன்றியிருக்காது. இதை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஜெசிந்தா கவனித்தாள்.

பென்சிலைக் கீழே வைத்தாள்.

அதிகாரி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "நீங்கள் நன்றாகப் படித்தவர்" என்றார். குரலில் கேலி இல்லை, ஏறக்குறைய இரக்கம்தான் இருந்தது. "பொய் சொல்லத்தான் வரவில்லை."

அதற்குப் பிறகும் அவள் ஒரு பெயரும் சொல்லவில்லை. யார் வரைந்தது, எந்த லயம், யார் யார் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பங்கெடுத்தவர்களின் பெயரைச் சொல்வதில்லை என்பது எங்கள் தொழிலில் முதல் விதி என்று ஒருமுறை சொன்னாள். அவள் காதுக்கே அது எங்கோ வகுப்பறையில் யாரோ வாசிப்பதுபோலக் கேட்டது. மறுநாள் பின்னேரம் பல்கலைக்கழகத்திலிருந்து பீடாதிபதி நேரில் வந்து பொறுப்பேற்று அவளை அழைத்துப்போனார். நல்ல மனிதர். மொரட்டுவையில் காரிலிருந்து இறக்கிவிடும்போது, "இந்த நேரத்தில் இது தேவையா, ஜெசிந்தா?" என்று கேட்டார். ஜூட் தொலைபேசியில் சத்தம் போட்டான். "ஒனக்கு ஏக்கா இந்த வேல? அவன் அவன் வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கான். அம்மா ரெண்டு நாளா சாப்பிடல, தெரியுமா?" அவன் கத்தி ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவிடம் கொடு என்றாள். அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தோட்டத்தில் நடந்தது அவளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஜீப் வந்திருக்கிறது. பெரட்டுக்களத்தில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, யார் வரைந்தது என்று கேட்டிருக்கிறார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்போது சசி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னே வந்து, நல்ல சிங்களத்தில், நான்தான் என்றாளாம். ஏன் வரைந்தேன் என்றும் சொன்னாளாம். அங்கே பிறந்த பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது ஜீப்பில் வந்தவர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டானாம். அவளை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் புருஷன் எங்கே என்று கேட்டார்கள். கொழும்பு என்றாள். தமிழ் இளைஞன், கொழும்பு, செக்பொயின்ட் படம். அந்த வார முடிவில் விடுமுறைக்கு வந்த யோகராஜை விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். சில நாள் கழித்து விட்டார்கள். திரும்பி வந்தவன் என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. பெயர் சொல்லி இரண்டு மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறான் என்றார்கள்.

ஜெசிந்தா போனாள். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை. தோட்டத்துப் பாதையில் ஏறியபோது எதிரே வந்த பெண்கள் பார்த்தார்கள், தலையசைத்தார்கள், நடந்தார்கள். பிள்ளைமடுவம் பூட்டியிருந்தது. இனிமேல் கூட்டம் எதுவும் தோட்டத்துக்குள் கூடாது என்று துரை உத்தரவு போட்டிருந்தார். சசியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இருமுவது கேட்டது. தட்டக் கையை உயர்த்தியபோது அடுத்த காம்பிராவிலிருந்து சுப்பம்மா வந்து, "வாங்க மிஸ்" என்று தன் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போனாள். பலகைக் கட்டையைத் துடைத்து உட்காரவைத்தாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அதில் வழக்கத்தைவிடச் சீனி அதிகமாக இருந்தது.

"நீங்க எங்க பேர சொல்லலையாமே."

"சொல்லலம்மா."

"தெரியும். சசிப் புள்ளைக்கும் தெரியும்." சுப்பம்மா பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க நல்லவங்கதான் மிஸ். நாங்க ஒண்ணும் கொற சொல்லல. ஆனா வராதீங்க."

ஜெசிந்தா கோப்பையைப் பிடித்தபடி இருந்தாள்.

"நீங்க வந்தா அவங்க வருவாங்க. நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க. நாங்க இங்கனதான கெடக்கணும்."

ஜெசிந்தா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். சுப்பம்மா சந்தி வரை கூடவே நடந்து வந்து, பஸ் வரும்வரை நின்றாள், முழங்காலை நீவிக்கொண்டே. ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

இங்கிலாந்திலிருந்து ஹெலனின் மின்னஞ்சல்கள் வந்தபடி இருந்தன. ஹெலன் அவளுடைய பழைய மேற்பார்வையாளர், அவள்மேல் உண்மையான அன்பு உள்ளவர். கைதைக் கேள்விப்பட்டதும் இரண்டு தரம் தொலைபேசியில் அழைத்து அழுதார். பிறகு மெல்ல மெல்ல வேறொன்றைப் பேசத் தொடங்கினார். அந்தப் படத்தின் புகைப்படம் உன்னிடம் இருக்கிறதல்லவா? அதையும் நடந்ததையும் வைத்து ஒரு கட்டுரை எழுது. இந்தத் துறையே அதைப் பேசும். இங்கே ஒரு பதவி வரப்போகிறது, அந்தக் கட்டுரை இருந்தால் யாரும் உன்னை மறுக்க முடியாது. படம் வரைந்த பெண் அன்றைக்குச் சம்மதம் தந்தவள்தானே?

தந்தவள்தான். வாராவாரம் தங்கும் தோட்டத்து விடுதி அறையில் கமராவை அன்று மறந்து வைத்துவிட்டு வந்ததால் அது தப்பியது; கடைசியாகத் தோட்டத்துக்குப் போன அன்று எடுத்துவந்திருந்தாள். படம் கணினியில் இருந்தது. ஜெசிந்தா கட்டுரையை எழுத உட்கார்ந்தாள். முதல் பக்கம் நன்றாகவே வந்தது. படத்துக்குக் கீழே அது யாருடையது என்று ஒரு வரி எழுதவேண்டும்: இருபத்துநான்கு வயது, கொழுந்து பறிப்பவர், இத்தனையாவது பிரசவம். யார் இதை வரைந்தது? இதே கேள்வியை மைக்கூட்டுக்கும் தொப்பிக்கும் நடுவில் அவளிடம் கேட்டிருந்தார்கள். இப்போது அதே கேள்வி நல்ல ஆங்கிலத்தில், அன்போடு வந்திருந்தது. சசியிடம் போய் இன்னொரு தரம் கேட்கவும் முடியாது. அங்கே போகக்கூடாது என்பதே அவர்கள் அவளிடம் கேட்ட ஒரே உதவி.

சன்னல் பற்றியும் அடுப்பு பற்றியும் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினாள். சிறிய இதழ் ஒன்றில் வந்தது. ஹெலன் "தெளிவாக இருக்கிறது" என்று எழுதினார். பதவி வேறு யாருக்கோ போயிற்று. மின்னஞ்சல்கள் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு கிறிஸ்மஸுக்கு ஒன்றாகின.

அடுத்த வருடம் மே மாதம் வடக்கில் நடந்த சண்டை முடிந்தது. சந்தி சந்தியாக வெடி கொளுத்தினார்கள். ஆசிரியர் அறையில் ஒரு தட்டில் பால்சோறு வைத்து எல்லோருக்கும் நீட்டினார்கள். அவளுக்கும் நீட்டினார்கள். நீட்டியவள் நல்ல தோழி, ஒரு கணம் கை தயங்கியது. ஜெசிந்தா ஒரு துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தின்றாள். அன்று முதலாமாண்டு மாணவர்களுக்கு வகுப்பு இருந்தது. பயன்படுத்தப்போகிறவர்களோடு கலந்து பேசாமல் ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டலாமா என்று கேட்டாள். கூடாது, கூடாது என்று பிள்ளைகள் உற்சாகமாகச் சொன்னார்கள்.

அந்த வருடக் கடைசியில் வேறொரு வேலையாக அவள் அரநாயக்கவுக்கு வரவேண்டியிருந்தது. சீனி வியாதிக்காரர்கள் கிளினிக்கில் காத்திருக்கும் கூடம் பற்றியது, நல்ல வேலை. முடித்துவிட்டு, மாவனல்லை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாள். அங்கே இறங்கி ஒருவரைப் பார்த்துவிட்டுக் கொழும்பு போவதாக ஏற்பாடு. சன்னலோரம் இடம் கிடைத்தது. மழை தூறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது பஸ் ஹோல்ட்டில் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி ஏறினாள். பக்கத்தில் இருந்தவர் மரியாதையாக எழுந்து இடம் கொடுத்தார். கையால் இடுப்பைத் தாங்கியபடி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, திரும்பிப் பார்த்தவள் சசி.

ஜெசிந்தா சன்னலோரம் ஒதுங்கி இடம் விட்டாள். சசி முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். கண்டக்டர் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு என்று சிங்களத்தில் சொல்லி டிக்கட் எடுத்தாள். மணல் மூட்டைகள் இருந்த வளைவு வந்தது. இன்னும் இருந்தன, ஆனால் யாரும் பஸ்ஸை மறிக்கவில்லை. நனைந்த கூரையின் கீழ் ஒருவன் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். பஸ் வேகம் குறைந்து, பிறகு ஏறியது. வளைவு தாண்டிய பிறகுதான் சசி கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்தப் படம் அவங்ககிட்டதான் இருக்கா?" என்றாள், திரும்பாமலே.

"அவங்ககிட்டதான்."

"ம்."

சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள்.

"நல்லா வரஞ்சிருந்தேன்ல?"

"ஆமா" என்றாள் ஜெசிந்தா. "ரொம்ப நல்லா வரஞ்சிருந்தீங்க."

சசி தலையசைத்தாள். ஜெசிந்தா கேட்க நினைத்தவை நிறைய இருந்தன. யோகராஜ் எப்படி இருக்கிறார், காது கேட்கிறதா, கொழும்புக்குத் திரும்பப் போனாரா, உன்னோடு யாரும் ஏன் வரவில்லை. எதையும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவும் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள். பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. சசியின் கண்கள் மூடின. தலை முன்னால் விழுந்தது, நிமிர்ந்தது, பிறகு மெல்லச் சரிந்து ஜெசிந்தாவின் தோளில் நின்றது. தேங்காய் எண்ணெயும் மழையில் நனைந்த சீத்தைத் துணியும் கலந்த வாசம். தலை எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

எதிர்ப்பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு சிங்கள அம்மா இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்து, "நங்கிட தென் மாச கீயத?" என்றாள். தங்கைக்கு இப்போது எத்தனை மாதம்?

எத்தனையோ பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள். இப்போது அவளுக்குப் பதில் தெரியவில்லை. வயிற்றைப் பார்த்தாள். "கிட்டத்தில்தான் அம்மா" என்றாள் சிங்களத்தில். அந்த அம்மா நல்லது என்பதுபோல இரண்டு கையையும் கூப்பிக் காட்டிவிட்டுத் தூறல் விழாமல் தன் பக்கத்துச் சன்னலை இழுத்துச் சாத்தினாள்.

மாவனல்லை வந்தது. ஆஸ்பத்திரி இன்னும் தள்ளி இருந்தது. கண்டக்டர் பெயரைச் சொல்லிக் கூவினார், ஆட்கள் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர் இவளைப் பார்த்தார். இறங்கவில்லையா என்று புருவத்தால் கேட்டார். ஜெசிந்தா அசையவில்லை. கையை மட்டும் பைக்குள் விட்டுக் காசைத் தேடினாள், மெதுவாக, தோள் ஆடாமல். பஸ் மறுபடி புறப்பட்டது. கை மரத்துக்கொண்டு வந்தது. நெருக்கமான இருக்கையில் அவளுடைய முழங்கை சசியின் வயிற்றோடு ஒட்டியிருந்தது. அந்த இடத்தில், சேலைக்கு அடியிலிருந்து, சின்னதாக ஒரு தட்டல். முதலில் பஸ்ஸின் ஆட்டம் என்றுதான் நினைத்தாள். முழங்கையை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கண்ணாடியில் நீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் தட்டியது.